நல்லா இருந்த மனுஷனுக்கு ஃப்ளூல நுரையீரல் பூஞ்சை எப்படி வரும்?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். அப்பாவுக்கு 61 வயசு, சுகர் இல்ல, கேன்சர் இல்ல. ஃப்ளூ வந்து மூச்சுத் திணறி ஐசியூல வென்டிலேட்டர் போட்டிருக்காங்க. மூணாம் நாள் ட்யூப் விட்டு நுரையீரலக் கழுவி எடுத்த தண்ணில ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை, கேலக்டோமேனன்ங்கற டெஸ்ட் 3.2, ஆனா ரத்தத்துல அதே டெஸ்ட் நெகட்டிவ். அதுக்கு முந்தின நாளே தொண்டைக் குழாய்ல இருந்து உறிஞ்சின சளில கேண்டிடான்னு வேற ஒரு பூஞ்சை வந்திருக்கு, அதுக்கு மருந்து வேண்டாம்னுட்டாங்க, இதுக்கு மட்டும் அன்னைக்கே வொரிகொனசோல்ங்கற பூஞ்சை மருந்த ஆரம்பிச்சுட்டாங்க. இது ஆஸ்பத்திரில ஒட்டிக்கிட்டதா, ஸ்டீராய்டாலயா, எல்லாரும் பயப்படற கருப்பு பூஞ்சையான்னு வரிசையா கேட்டிருக்கீங்க. கேள்வி நிறைய இருந்தாலும் அடில இருக்கறது ரெண்டுதான்னு எனக்குத் தோணுது. இந்த ரிப்போர்ட்ட நம்பலாமா, யாரோ செஞ்ச தப்பால அப்பாவுக்கு இது வந்துச்சா.

நான் ஐசியூ டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி படிச்சவ. உங்க அப்பா மாதிரி ஆளுங்க கிட்ட இருந்து வர்ற சளி, ரத்தம், திசு இதுல பூஞ்சை இருக்கான்னு பாக்கறதுதான் பல வருஷமா எனக்கு வேலை. அதனால லேப் பக்கம் இருந்து என்னால உறுதியா பேச முடியும், ஆனா அப்பாவ நேர்ல பாக்காம, சிடி பாக்காம அவருக்கு எந்த மருந்து எத்தன நாள்னு நான் முடிவு சொல்ல மாட்டேன், அது பக்கத்துல நிக்கற டாக்டரோட வேலை.

ஆஸ்பர்ஜில்லஸ் எங்க இருந்து வந்துச்சுன்னா, காத்துல இருந்து. மண்ணு, மக்கின இலை, பழைய சுவர், தூசி எல்லாத்துலயும் இருக்கற பூஞ்சை இது. இதோட வித்து ரெண்டு மூணு மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா அதுல ரெண்டு மூணு பங்கு, அதனால மூக்கு தொண்டை எல்லாத்தையும் தாண்டி நேரா காத்துப் பை வரைக்கும் போயிடும். நீங்க, நான், உங்க வீட்டுக் குழந்தை எல்லாரும் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல இந்த வித்த இழுத்துட்டுதான் இருக்கோம். இழுத்தும் ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் மூச்சுக்குழாய் உள்தோல்ல இருக்கற குட்டி முடி மாதிரி இழைகள் அத மேல தள்ளிடும், தப்பிச்சுப் போறத நுரையீரல்ல காவல் இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற செல்லு முழுங்கிடும், அதுக்கும் தப்பி ஏதாவது முளைச்சா நியூட்ரோஃபில்னு வெள்ளை அணுக்கள் வந்து கொன்னுடும். இப்படி மூணு காவல் இருக்கறதாலதான் கேன்சருக்கு கீமோ எடுத்து வெள்ளை அணு சுத்தமா இறங்கினவங்க, உறுப்பு மாத்தினவங்க இவங்களுக்குத்தான் இது வரும்னு ரொம்ப காலம் எல்லாரும் நெனச்சோம், நான் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

ஃப்ளூ வைரஸ் பண்றது என்னன்னா, இந்தக் காவல ஒரே நேரத்துல பல இடத்துல உடைக்குது. மூச்சுக்குழாயோட உள்தோல உரிச்சு எடுத்துடுது, இழை இருக்காது, அடித்தோல் புண்ணு மாதிரி திறந்து கிடக்கும். மிச்சம் இருக்கற மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் எண்ணிக்கைல இருந்தாலும் பூஞ்சையக் கொல்ற வேகம் கொறைஞ்சு போகுது. அப்ப உள்ள வந்த வித்து, வழக்கமா செத்துப் போக வேண்டியது, ஈரமும் உணவும் கெடச்சு வேர் மாதிரி நூல் விட ஆரம்பிக்குது. இந்த நூலுதான் ஆபத்து, வித்து இல்ல. வித்து எல்லார் நுரையீரல்லயும் வந்து போகும், நூலு திசுக்குள்ள இறங்கினாதான் வியாதி.

2018ல பெல்ஜியம், நெதர்லாந்து ரெண்டு நாட்டுலயும் சேந்து 7 ஐசியூல இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 2009ல இருந்து 2016 வரைக்கும் கடுமையான ஃப்ளூவோட ஐசியூ வந்த 432 பேரப் பாத்தாங்க. அதுல 83 பேருக்கு, அதாவது 19 சதவீதம் பேருக்கு இந்தப் பூஞ்சை நிமோனியா. இதுல உங்க அப்பாவுக்குப் பொருந்தற விஷயம், முன்னாடி எதிர்ப்பு சக்தி கொறைவே இல்லாதவங்கள மட்டும் தனியா எடுத்துப் பாத்தாலும் 14 சதவீதம் வந்துச்சு. அதே மாதிரி கடுமையான நிமோனியா, ஆனா ஃப்ளூ இல்லாதவங்கள எடுத்துப் பாத்தா 5 சதவீதம்தான். அதாவது ஃப்ளூவே ஒரு காரணம், வேற எந்த வியாதியும் இருக்கணும்னு அவசியம் இல்ல. பூஞ்சை சேந்தவங்கள்ல 90 நாளுக்குள்ள 51 சதவீதம் பேர் இறந்திருக்காங்க, சேராதவங்கள்ல 28 சதவீதம். இந்த நம்பரச் சொல்லாம விடலாமான்னு யோசிச்சேன், ஆனா ஏன் அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாங்கன்னு நீங்க கேட்டிருக்கீங்க, அதுக்கு உண்மையான பதில் இதுதான். பாதிப் பேர் பொழைச்சும் இருக்காங்கங்கறதையும் அதே நம்பர்தான் சொல்லுது.

இப்ப இது ஆஸ்பத்திரில, வென்டிலேட்டர்ல இருந்து ஒட்டிக்கிட்டதாங்கற விஷயம். அந்த ஆய்வுல பூஞ்சை கண்டுபிடிச்ச நாள் ஐசியூ வந்து சராசரியா மூணாவது நாள். அதுக்கப்புறம் ஃப்ளூ ஆளுங்களுக்கு முன்கூட்டியே போசகொனசோல்னு இன்னொரு பூஞ்சை மருந்து குடுத்தா தடுக்கலாமான்னு அதே நாடுகள்லயும் பிரான்ஸ்லயும் ஒரு சோதனை நடத்தினாங்க, அதுல 21 பேருக்கு இது வந்துச்சு, அதுல 15 பேருக்கு ஐசியூ வந்த முதல் 48 மணி நேரத்துக்குள்ளயே இருந்துச்சு. தடுக்கறதுக்கு மருந்து குடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள பூஞ்சை முன்னாடியே உள்ள இருந்துருக்கு, அதனால அந்த மருந்து தடுக்கும்னு நிரூபிக்க முடியல. உங்க அப்பாவுக்கும் மூணாம் நாள். வித்து வீட்லயோ வெளியவோ இழுத்தது, ஃப்ளூ உள்தோல உரிச்ச அந்த சில நாள்ல முளைச்சதுன்னு சொல்றதுதான் எனக்கு அதிகம் பொருந்துது. ஆஸ்பத்திரில இருந்து ஆஸ்பர்ஜில்லஸ் வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், வார்டு பக்கத்துல கட்டட வேலை, இடிக்கற வேலை நடந்து அந்த தூசில ஒரே சமயத்துல பல பேருக்கு வந்தது உண்டு, அதனாலதான் எலும்பு மஜ்ஜை மாத்தற வார்டுல காத்த வடிகட்டி அனுப்பறாங்க. ஆனா ஒரே ஒரு ஆளுக்கு, மூணாம் நாள்ல, ஃப்ளூவோட சேந்து வந்திருக்கும்போது யாரோ மெஷினக் கழுவாததால வந்துச்சுன்னு நெனச்சு மனசப் போட்டு உழப்பிக்காதீங்க. சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருந்தா வந்திருக்காதோன்னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க. உங்க கைல இருந்த விஷயம் இல்ல இது.

ஸ்டீராய்டு பத்தி நேரா சொல்லணும்னா ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு. ஸ்டீராய்டு பூஞ்சைக்கு எதிரான செல்லுங்கள மந்தமாக்கும், அதுல சந்தேகமே இல்ல, அந்த 432 பேர் ஆய்வுலயும் ஐசியூ வர்றதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்கு இது அதிகமா வந்துச்சு. ஆனா கோவிட்ல என்ன ஆச்சுன்னா, 2020ல பிரிட்டன்ல நடந்த ரெகவரி சோதனைல டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம் 10 நாள் வரைக்கும் குடுத்ததுல வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு 41.4 சதவீதத்துல இருந்து 29.3க்கு எறங்குச்சு, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பலனும் இல்ல. அதாவது கோவிட்ல சரியான ஆளுக்கு, சரியான அளவுல ஸ்டீராய்டு உயிரக் காப்பாத்துது, பூஞ்சை அபாயம் இருந்தும். ஃப்ளூல அப்படி ஒரு பலன் நிரூபணம் ஆகல, அதனால ஃப்ளூக்குன்னு மட்டும் ஸ்டீராய்டு குடுக்க வேண்டாம்னுதான் வழிகாட்டுதல்கள் சொல்லுது. ஆனா ஆஸ்துமா இழுப்பு, பிபி தாங்காம விழுந்த ஷாக்னு வேற காரணத்துக்காக குடுக்க வேண்டி வரலாம். உங்க அப்பாவுக்கு எதுக்காக குடுத்தாங்கன்னு நீங்க எழுதல, அதக் கேளுங்க, குத்தம் சாட்டற மாதிரி இல்லாம "இப்ப பூஞ்சை வந்திருக்கறதால ஸ்டீராய்ட கொறைக்க முடியுமா டாக்டர்"னு கேளுங்க. அது நியாயமான கேள்வி, அவங்களும் அதத்தான் யோசிச்சுட்டு இருப்பாங்க.

அடுத்து ரிப்போர்ட்ட நம்பலாமாங்கறது. இதுல நான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா பூஞ்சை ரிப்போர்ட்ல "என்ன வந்துச்சு"ங்கறத விட "எங்க இருந்து எடுத்ததுல வந்துச்சு"ங்கறதுதான் முக்கியம், இத வீட்டுக்காரங்களுக்கு யாரும் உக்காந்து சொல்றதில்ல. அப்பாவோட நுரையீரல் கழுவின தண்ணி, நாங்க பிஏஎல்னு சொல்வோம், லேபுக்கு வந்தா முதல்ல மெஷின்ல சுத்தி அடில படியறத எடுத்து ஒரு ஸ்லைடுல வெச்சு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவோம், அது சளியையும் செல்லையும் கரைச்சுடும், பூஞ்சையக் கரைக்காது. கூடவே கால்கோஃப்ளோர்னு ஒரு சாயம், அது பூஞ்சையோட சுவர்ல ஒட்டிக்கும். ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப்புல இருட்டுல பாத்தா நூலு நீல வெள்ளையா பளிச்சுன்னு எரியும், ஆஸ்பர்ஜில்லஸா இருந்தா மெல்லிசா, ஒரே அகலமா, நடுநடுவுல தடுப்போட, மரக்கிளை பிரியற மாதிரி குறுகலான கோணத்துல ரெண்டு ரெண்டா பிரிஞ்சு போகும். இன்னொரு பங்க தட்டுல போட்டு வெச்சா ரெண்டு மூணு நாள்ல வெல்வெட் துணி மாதிரி நீலப் பச்சை வட்டம் வளரும். அத செலோ டேப்ல ஒத்தி எடுத்து நீலச் சாயத்துல பாத்தா தலைல வித்த அடுக்கி வெச்சிருக்கற அந்த அமைப்பு தெரியும், அதுல இருந்துதான் இது ஃப்யூமிகேட்டஸ் வகைன்னு பேர் சொல்றோம்.

கேலக்டோமேனன்ங்கறது இந்தப் பூஞ்சை நூலு விட்டு வளரும்போது சுவர்ல இருந்து கழண்டு வர்ற ஒரு சர்க்கரை. பிஏஎல்ல 1.0க்கு மேல இருந்தா கணக்குல எடுத்துக்கறோம், அப்பாவுக்கு 3.2, இது ஓரமா தொட்டுட்டுப் போற நம்பர் இல்ல. அப்ப ரத்தத்துல ஏன் நெகட்டிவ்? கீமோ எடுத்தவங்களுக்கு வெள்ளை அணு இல்லாததால பூஞ்சை சீக்கிரமா ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து ரத்தத்துல இந்த கேலக்டோமேனன் ஏறிடும். உங்க அப்பா மாதிரி வெள்ளை அணு இருக்கறவங்களுக்கு அது மொதல்ல மூச்சுக்குழாய்ல, காத்துப் பைலதான் நிக்கும், ரத்தத்துக்குள்ள வர்ற கொஞ்சத்தையும் வெள்ளை அணு தொடச்சுடும். அதனால ரத்தம் நெகட்டிவ்ங்கறத வெச்சு நுரையீரல்ல இல்லன்னு சொல்ல முடியாது. ரத்தத்துல பாசிட்டிவா இருந்திருந்தாதான் இன்னும் கவலைப்படணும்.

இதுல சந்தேகத்துக்கு இடம் இருக்கற இடத்தையும் சொல்லிடறேன். நூலு உண்மையிலயே திசுக்குள்ள இறங்கியிருக்கான்னு நூத்துக்கு நூறு சொல்ல திசு வெட்டி எடுத்துப் பாக்கணும், வென்டிலேட்டர்ல இருக்கறவங்ககிட்ட அது ரத்தக் கசிவு, நுரையீரல் ஓட்டைன்னு பெரிய ஆபத்து, அதனால பெரும்பாலும் பண்றதில்ல. அதனாலதான் "அநேகமா இருக்கு", "இருக்கலாம்"னு படிப்படியா வரையறை வெச்சிருக்கோம். கோவிட் சமயத்துல இந்தக் குழப்பம் அப்படியே வெளிய தெரிஞ்சுது, ஒரு ஆஸ்பத்திரில நூத்துல மூணு பேர்னாங்க, இன்னொரு இடத்துல முப்பதுக்கு மேலன்னாங்க, யாரு எந்த சாம்பிள், எந்த வரையறை வெச்சாங்கங்கறதப் பொறுத்து மாறுச்சு. கோவிட்ல இறந்தவங்க 677 பேரோட பிரேதப் பரிசோதனை அறிக்கைகள ஒண்ணா சேத்துப் பாத்தப்ப திசுக்குள்ள பூஞ்சை இறங்கினது 2 சதவீதம் பேர்லதான் இருந்துச்சு. அதுல நிறைய பேர் ஸ்டீராய்டு வழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இறந்தவங்க, அதையும் மனசுல வெச்சுக்கணும். கோவிட்ல வர்ற ஒவ்வொரு பாசிட்டிவும் வியாதி இல்லங்கறது என் எண்ணம். ஃப்ளூல நான் அப்படி நிதானமா காத்திருக்கச் சொல்ல மாட்டேன், அது இன்னும் சீக்கிரமா வருது, இன்னும் வேகமா போகுது. ஃப்ளூ, மோசமாகற நுரையீரல், பிஏஎல்ல இவ்வளவு கேலக்டோமேனன் மூணும் ஒண்ணா இருந்தா மருந்து ஆரம்பிச்சது சரின்னுதான் நானும் சொல்வேன்.

கேண்டிடா கதை முழுக்க வேற. அது வெளிய இருந்து வர்றதில்ல, நம்ம வாய், குடல், தோல்ல குடியிருக்கறது. ஆன்டிபயாட்டிக் போட்டு பாக்டீரியா கொறைஞ்சதும் அந்த இடத்த அது பிடிச்சுக்கும், தொண்டைல குழாய் இருந்தா அது வழியா கீழ வழியும், அதனால வென்டிலேட்டர்ல இருக்கறவங்க சளில கேண்டிடா வர்றது ரொம்ப சகஜம். ஆனா கேண்டிடாவால நிமோனியா வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதுக்கு மருந்து குடுத்தா அப்பாவுக்கு பலன் இருக்காது, மருந்துக்கு அடங்காத வகை மிஞ்சி நிக்கும். உங்க டாக்டர் வேண்டாம்னது அலட்சியம் இல்ல, அறிவுள்ள முடிவு. ஆனா அதே கேண்டிடா ரத்தக் கல்ச்சர்ல, அதாவது ரத்தத்த பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்கறதுல, ஒரே ஒரு பாட்டில்ல வந்தாலும் ஓடிப்போய் ஃபோன் பண்ணுவேன், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும். ரத்தத்துல வந்தத "சும்மா இருக்கும்"னு ஒதுக்கவே கூடாது. கழுத்துல போட்டிருக்கற சென்ட்ரல் லைன எடுக்கணும், எக்கினோகேண்டின் வகை பூஞ்சை மருந்து ஆரம்பிக்கணும், கண்ணுக்குள்ள பாக்கணும், ரத்தம் சுத்தமான நாள்ல இருந்து 14 நாளாவது மருந்து போகணும். அதுலயும் கேண்டிடா ஆரிஸ்னு ஒண்ணு, 2009ல ஜப்பான்ல முதல்ல பேர் வெச்சது, அது ஒரு நோயாளிகிட்ட இருந்து இன்னொரு நோயாளிக்குக் கை, கட்டில் கம்பி, கருவி மூலமா பரவும். அந்தப் பேர் எப்பவாவது ரிப்போர்ட்ல வந்தா மட்டும் ஆஸ்பத்திரி சுத்தம் பத்திக் கண்டிப்பா கேளுங்க.

கருப்பு பூஞ்சையான்னு கேட்டிருந்தீங்க. இல்ல. அது மியூக்கர் வகை, வேற குடும்பம். பேருதான் கருப்பு, பூஞ்சை கருப்பா இருக்காது, அது ரத்தக் குழாய அடைச்சு திசு செத்துப் போய்தான் கருப்பாகுது. இந்தியால 2021ல கோவிட் ரெண்டாவது அலையோட அது வந்தப்ப ஜூலைக்குள்ள 45,000 பேருக்கு மேல பதிவாச்சு. பெரும்பாலும் கட்டுக்கடங்காத சுகர், அதோட தேவைக்கு மேல ஸ்டீராய்டு, இது ரெண்டும் சேந்த இடத்துலதான் அதிகம் பாத்தோம். ஆக்சிஜன் பாட்டில் தண்ணி, ஆவி பிடிச்சது, ஜிங்க் மாத்திரைன்னு அப்ப சொன்ன காரணம் எதுவும் நிரூபணம் ஆகல. கன்னம் மரத்துப் போறது, ஒரு பக்கம் முகவலி, கண்ணு வீங்கறது, பார்வை ரெட்டையா தெரியறது, மூக்குல கருப்பா கட்டி வர்றது, இதுதான் அதோட அடையாளம். அதுக்குக் கேலக்டோமேனன் பாசிட்டிவ் ஆகாது, வொரிகொனசோலும் வேலை செய்யாது, லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின்ங்கற வேற பூஞ்சை மருந்த உடல் எடைல ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமாவது குடுத்து, செத்த திசுவ ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். வேலைக்கு வந்த புதுசுல ஒரு தடவ மூக்குத் திசுவ பாக்டீரியாவுக்குப் பண்ற மாதிரி அரைச்சு கல்ச்சர் போட்டுட்டேன், ஒண்ணும் வளரல, "பூஞ்சை இல்ல"ன்னு ரிப்போர்ட் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு பேத்தாலஜில இருந்து கூப்பிட்டு ஸ்லைடக் காட்டினாங்க, ரிப்பன் மாதிரி அகலமா, தடுப்பே இல்லாம நூலு நிறைஞ்சு கிடக்கு. தடுப்பு இல்லாததால அரைச்சா மொத்த நூலும் செத்துடும், சின்னச் சின்னதா நறுக்கித்தான் போடணும். அன்னைல இருந்து திசு வந்தா நானே கைல நறுக்கறேன். அதனால ஒரு விஷயம், வொரிகொனசோல் ஓடிட்டு இருக்கும்போது முகத்துல, கண்ணுல நான் சொன்ன அடையாளம் ஏதாவது புதுசா தெரிஞ்சா அன்னைக்கே சொல்லுங்க, ரெண்டும் சேந்தே வந்த ஆளுங்களும் உண்டு.

மருந்து பத்திக் கொஞ்சம். வொரிகொனசோல் நல்ல மருந்து, ஆனா ஒரே டோஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது, நம்ம கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம் சிலருக்கு வேகமா, சிலருக்கு மெதுவா அத உடைக்கும். அதனால ரத்தத்துல மருந்து அளவு பாக்கறது நல்லது, நாலஞ்சு நாள்ல பாப்போம், ஒரு லிட்டருக்கு 1ல இருந்து 5.5 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். கொறைஞ்சா பூஞ்சை சாகாது, ஏறினா கல்லீரல் கெடும், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். அப்பா மயக்கம் தெளிஞ்சு "சுவத்துல யாரோ நிக்கறாங்க"ன்னு சொன்னா அறிவு கலங்கிடுச்சுன்னு பயந்துடாதீங்க, மருந்து அளவப் பாக்கச் சொல்லுங்க. இதய ஓட்டத்துல க்யூடிங்கற இடைவெளிய இது நீட்டும், அதுக்கு ஈசிஜி எடுப்பாங்க. அது ரொம்ப நீண்டா ஐசாவுகொனசோல்னு மாத்து மருந்து இருக்கு, அது அத நீட்டாது, சுருக்கும். பயிருக்கு அடிக்கற பூஞ்சை மருந்தும் இதே குடும்பம்ங்கறதால வயல்லயே இந்த மருந்துக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸ் உருவாகியிருக்கு, நெதர்லாந்துல இது பெரிய தொல்லை. தட்டுல வளந்திருந்தா அந்தப் பூஞ்சைக்கு மருந்து கேக்குதான்னு டெஸ்ட் போட்டிருக்காங்களான்னு கேளுங்க. மருந்து பொதுவா 6 வாரத்துல இருந்து 12 வாரம், நுரையீரல் எப்படித் தெளியுதுங்கறதப் பொறுத்து.

டாக்டர்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ப்ராங்கோஸ்கோப்னு கேமரா வெச்ச ட்யூப விட்டப்ப மூச்சுக்குழாய் சுவர்ல வெள்ளையா படலமோ புண்ணோ தெரிஞ்சுதான்னு. ஃப்ளூல வர்ற ஆஸ்பர்ஜில்லஸ் சில பேருக்கு மூச்சுக்குழாய்லயே படலமா படியும், அது இருந்தா இன்னும் கடுமையா எடுத்துக்கணும், சில இடத்துல நெபுலைசர் வழியா ஆம்ஃபோடெரிசினும் சேப்பாங்க, அது எவ்வளவு உதவுதுன்னு நல்ல சோதனை எதுவும் இல்ல. சுவர் சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னா அது நல்ல சேதி. பதில் தெரிஞ்சதும் மருந்து அளவு ரிப்போர்ட்டோட இங்கயே எழுதுங்க, படிச்சு அர்த்தம் சொல்றேன்.